பக்கத்து சீட்டின் பிரேக்

ஏப்ரல் 9

அண்ணா,

கார் வந்த அன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன்.

லாரியிலிருந்து அதை இறக்கி வாசலில் நிறுத்தியதும் வீடியோவில் நீ மூன்று தடவை கேட்டாய், எப்படி இருக்கு என்று. அழகா இருக்கு என்றேன். பொய் இல்லை. அதே உருண்டை விளக்குகள், அதே வெளிர் பச்சை, அதே தவளை முகம். அப்பாவின் டிரைவிங் ஸ்கூலில் ஓடிய நம்முடைய பழைய தவளையை யாரோ குளிப்பாட்டி, பல் கட்டி அனுப்பி வைத்த மாதிரி இருந்தது. தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. அத்தை மட்டும், “இவ்ளோ பளபளப்பா இருக்கே, இத யாரு தினம் தொடைக்கிறது?” என்று என் முகத்தைப் பார்த்தாள்.

நான் சொல்லாதது, எனக்கு இந்தக் கார் வேண்டாம் என்பது.

அப்பா வெளியே வந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து படி இறங்க அவர் யார் கையையும் பிடிப்பதில்லை, சுவரைத்தான் பிடிப்பார். காரைச் சுற்றி வந்தார். முன்பக்கம் மூக்கு மாதிரி உங்கள் கம்பெனி ஒரு சல்லடை வைத்திருக்கிறதே, அதில் விரலை விட்டுப் பார்த்தார். ஓட்டை இல்லை. பேட்டரி வண்டி, இது சும்மா அழகுக்கு என்று லாரிக்காரர் சொன்னார். மூக்கு இருக்கிறது, மூச்சு விடுவதில்லை. அப்பா தலையசைத்துவிட்டு ஓட்டுநர் கதவைத் தாண்டிப்போய், பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். வலது காலை நீட்டினார். அங்கே, சாதாரணக் காரில் வெறும் தரைவிரிப்பு இருக்கும் இடத்தில், இன்னொரு பிரேக் இருந்தது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் வாத்தியாருக்கு வைப்பார்களே, அது.

“இருக்கு” என்றார்.

நீ திரையில் சிரித்துக்கொண்டிருந்தாய்.

இதைக் கடிதமாக எழுதக் காரணம் உனக்கே தெரியும். இந்த வீட்டில் ஃபோன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். பதிலை என் பள்ளிக்கூட நூலக முகவரிக்கு அனுப்பு.

பிப்ரவரியில் உனக்குச் சொன்னதை எழுத்தில் மறுபடி சொல்கிறேன். வெளியூர் ஆவணக் காப்பகத்தில் பழைய தாள்களைச் செப்பனிடும் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இரண்டு வருடம். பிறகு அங்கேயே வேலை. எடுத்தது எட்டுப் பேரை. ஜூன் பதினைந்துக்குள் சேராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். எனக்கு இருபத்தொன்பது வயது. இதற்குப் பிறகு வயது வரம்பு தாண்டிவிடும்.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள அத்தை வந்து தங்கத் தயார். ஒரே ஒரு நிபந்தனை. “ஒன் அண்ணன் வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கட்டும். அவனுக்கும் அப்பாதானே?” நீ அத்தையிடம் கேட்கிறேன் என்றாய். அப்பாவிடமும் நீயே பக்குவமாகச் சொல்கிறேன் என்றாய். இரண்டு மாதமாயிற்று. வந்தது கார்.

நீயே சொல்லேன் என்பாய். அப்பாவிடம் ஒன்றைச் சொன்னால் மறுக்க மாட்டார். அது அப்படியே நின்றுவிடும், அவ்வளவுதான். அம்மா போன பிறகு இந்த வீட்டில் அப்படி நின்றுபோனவற்றை நான் எண்ணுவதில்லை.

தங்கை


ஏப்ரல் 20

அன்புள்ள புத்தகப் புழுவுக்கு,

லெட்டர் எழுதி பதினஞ்சு வருஷம் ஆச்சு. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தா பொறுத்துக்கோ. ஆபீஸ்ல பக்கத்துல இருக்கிறவன் எட்டிப் பாத்து, லவ் லெட்டரான்னு கேட்டான். அதைவிட ஆபத்தானதுன்னேன்.

உனக்குக் கார் பிடிக்கலைங்கிறது மனசுக்குக் கஷ்டமாதான் இருந்துச்சு. என் வேலை என்னன்னு உனக்கு முழுசா தெரியாது. வண்டிய பழசு மாதிரி காட்டுறது வேற பிரிவு. பழசு மாதிரி கேக்க வைக்கிறது, கைக்குப் பழசு மாதிரி உணர வைக்கிறது என் பிரிவு. சிக்னல் போட்டா டிக்-டிக்னு ஒரு சத்தம் வருது பாரு. உள்ள அதுக்குன்னு எந்தச் சாமானும் கிடையாது, ஸ்பீக்கர்தான். அந்தச் சத்தத்துக்காகப் பழைய வண்டி வச்சிருக்கிற ஆளுங்கள தேடிப்போய் பதினோரு மாசம் பதிவு பண்ணேன். நூத்தி நாப்பது டிக்-டிக். அதுல ஒண்ணு நம்ம தவளையோட டிக்-டிக் மாதிரியே, கொஞ்சம் சோம்பேறியா, ரெண்டாவது தட்டு லேட்டா விழும். அதைத்தான் எடுத்தேன். மேலதிகாரி ஏன் இதுன்னார். இதுதான் சரின்னேன். லட்சம் வண்டியில இப்ப நம்ம வண்டி கேக்குது. யார்கிட்டயும் சொல்லல, உன்கிட்டதான் சொல்றேன்.

ஞாபகம் இருக்கா? அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில மத்தியான ஷிஃப்ட். நம்மள பாத்துக்க ஆள் இல்லாம, ஸ்கூல் விட்டதும் அப்பா நம்மள தவளையோட பின்சீட்ல போட்டுக்குவார். முன்னாடி ஓட்டப் பழகுறவங்க மாறிக்கிட்டே இருப்பாங்க, நாம மட்டும் மாற மாட்டோம். அந்தப் பேங்க் மேனேஜர் ஒவ்வொரு தடவை கிளட்ச விடும்போதும் நம்ம ரெண்டு பேர் தலையும் முன்சீட்டுல இடிக்கும். நீ எத்தனைன்னு எண்ணுவ. என் வாழ்க்கையிலேயே நல்ல நேரம் அதுதான்னு இப்பவும் சொல்லுவேன். அஞ்சு வருஷம் முன்னாடி அந்த வண்டிய பழைய இரும்புக்குப் போட்டீங்களே, அன்னைக்கு நான் இங்க பாத்ரூம்ல போய் அழுதேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். நீதானே ஃபோன்ல சொன்ன, “வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கேண்ணா”ன்னு? கேட்டதும் எனக்குப் பொறுக்கல. கார் இருந்தா நீ அடைஞ்சு கிடக்க மாட்ட, அவரும் அடைஞ்சு கிடக்க மாட்டார்னு நினைச்சேன். இதுல என்ன தப்பு?

ஜூன் கடைசியில கூரை திறக்கிற மாடல் வெளிவருது. அதுவரைக்கும் என்னால மூச்சு விட முடியாது. அந்தக் காப்பகத்துக்கு ஒரு லெட்டர் போட்டு ஆறு மாசம் தள்ளிக் கேளு. பழைய பேப்பர்தானே, இன்னும் ஆறு மாசம் பழசானா ஒண்ணும் கெட்டுப் போகாது.

அத்தைகிட்ட பேசுறேன். அவங்ககிட்ட பேச ஒரு மணி நேரம் வேணும், அதான் நேரம் பாத்துக்கிட்டு இருக்கேன்.

அண்ணன்


மே 2

அண்ணா,

ஆறு மாதம் தள்ளிக் கேட்டேன். முடியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. இணைத்திருக்கிறேன், பார்.

பின்சீட்டைப் பற்றி எழுதியிருந்தாய். உனக்கு அப்போது பதின்மூன்று, எனக்கு ஆறு. நீ ஜன்னல் பக்கம். எனக்கு நடுவில், கீழே அந்த மேடு இருக்குமே, அங்கே. கால் வைக்க இடம் கிடையாது. தலை இடித்ததை எண்ணினேன் என்கிறாய். நான் எண்ணியது இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்று. தண்ணீர்த் தொட்டி, கோர்ட் மூலை, ஸ்டேஷன் ரோடு, மைதானம், மறுபடி தண்ணீர்த் தொட்டி. ஒரு ஆளுக்கு நான்கு சுற்று, மாலைக்கு ஐந்து ஆள். இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரில் வாந்தி எடுக்காமல் படிப்பது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது அப்போதுதான். புத்தகப் புழு என்று பேர் வைத்தாய். வேறு போக இடம் இருந்ததா, சொல்.

நீ பதினெட்டில் இறங்கிப் போய்விட்டாய். அதனால் உனக்கு அது ஞாபகம். எனக்கு அது நேற்று.

உவமைக்காகச் சொல்லவில்லை. நேற்றும் போனேன். தினமும் ஐந்து மணிக்கு அப்பா செருப்புப் போட்டுக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிடுகிறார். ஹாரன்கூட அடிப்பதில்லை. சும்மா உட்கார்ந்திருப்பார். நான் வர வேண்டும். தண்ணீர்த் தொட்டி, கோர்ட் மூலை, ஸ்டேஷன் ரோடு, மைதானம். நான்கு சுற்று.

“கண்ணாடி பாத்தியா?”

“பாத்தேம்ப்பா.”

“பாத்த மாதிரி தெரியலயே.”

“கண்ணால பாத்தேன். தலைய ஆட்டணுமா?”

“தலைய ஆட்டினாத்தான் இன்ஸ்பெக்டருக்குத் தெரியும்.”

எந்த இன்ஸ்பெக்டர் என்று நான் கேட்கவில்லை. லைசென்ஸ் வாங்கி ஏழு வருடமாகிறது. அதை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் இல்லாமல் ஒருநாள்கூட ஓட்டியதில்லை. போன வாரம் பார்த்தால் காரின் பின்னால் சிவப்பு எழுத்தில் எல் போர்டு. பழைய வண்டியைப் போட்டபோது கழற்றி அலமாரியில் வைத்திருந்தாராம். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்த்துவிட்டு, “மிஸ், நல்லா பழகுங்க மிஸ்” என்கின்றன.

இதையெல்லாம்கூடச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். பிரேக்கை என்ன செய்வது? டாக்டர் சொன்னது உனக்கு நினைவிருக்கும், இரண்டு கண்ணிலும் பார்வையின் இடது பாதி போய்விட்டது என்று. அவருக்கு இடப்பக்கம் இருந்து வருவதெல்லாம் திடீரென்று வருவதுதான். சைக்கிள், நாய், மரம். மரம்கூட அவருக்குப் பாய்ந்துதான் வருகிறது. உடனே மிதிக்கிறார். கார் குலுங்கி நிற்கிறது. பிறகு, “போகலாம்” என்கிறார். நேற்று ஒரு சுற்றில் பதினோரு தடவை.

சனிக்கிழமை தனியாகக் கிளம்பினேன். சேர்வதற்கு அரசு மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்று வாங்க வேண்டும். காலை ஒன்பது மணி, அவர் பேப்பர் படிக்கும் நேரம். ஷெட்டைத் திறந்தால் அவர் காருக்குள் இருந்தார், பேப்பரோடு. ஆஸ்பத்திரி வாசலில் ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தார். திரும்பி வரும்போது கேட்டார்.

“டாக்டர் என்ன சொன்னார்?”

“ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்னார்.”

“நல்லா இருக்கிறவங்க எதுக்கு டாக்டர்கிட்ட போகணும்?”

பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள் என்றேன். கோர்ட் மூலையில் ஒன்றுமே வரவில்லை. ஆனாலும் மிதித்தார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் சொல். உங்கள் கம்பெனி இந்த இரண்டாவது பிரேக்கை வைத்து விற்பதில்லை. விசாரித்துவிட்டேன். கார் வந்த அன்று அப்பா காலை நீட்டியபோது கீழே குனிந்து தேடவில்லை. அங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எப்படி?

தங்கை


மே 11

புழு,

உன் லெட்டர் வந்து நாலு நாள் ஆச்சு. மூணு தடவை எழுதிக் கிழிச்சேன்.

அவர்தான் கேட்டார்.

பிப்ரவரியில நீ எனக்குச் சொன்ன மறுவாரம் நான் அப்பாவுக்கு ஃபோன் பண்ணேன். நீ அன்னைக்கு ஸ்கூல்ல இருந்த. பக்குவமா சொல்லணும்னுதான் நினைச்சேன். “அவளுக்கு வெளியூர்ல ஒரு நல்ல இடம் கிடைச்சிருக்குப்பா, ஜூன்ல சேரணும்”னு சொல்லிட்டேன். அவர் கேட்டார், “ஒங்க கம்பெனியில புது தவளை வந்திருக்காமே?” ஆமாம்ப்பான்னேன். “ஒண்ணு அனுப்பு. அவ ஓட்டட்டும். என் பக்கமும் ஒரு பிரேக் வச்சு அனுப்பு.” அவ்வளவுதான் பேசினார்.

பதினெட்டு வருஷத்துல அவர் என்கிட்ட கேட்ட ஒரே பொருள் இதுதான். நான் யோசிக்கவே இல்ல. இங்க ஒரு டிரைவிங் ஸ்கூல் ஃபிட்டர பிடிச்சு, லாரியில ஏத்துறதுக்கு முந்தின நாள் வரைக்கும் பக்கத்துல நின்னு மாட்ட வச்சேன். ஃபிட்டர் கேட்டான், “யாரு சார் பழகப் போறா?” எங்க அப்பான்னேன். அவன் சிரிச்சான், நானும் சிரிச்சேன். பழைய தவளை மாதிரியே எல்லாம் இருக்கணும்னு ஒரு வெறி எனக்கு. அந்தப் பிரேக் இல்லாம அது நம்ம வண்டி இல்லன்னு தோணுச்சு. உன் காலு எங்க இருக்கும், அவர் காலு எங்க இருக்கும்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. சத்தியமா.

ஆக, அவருக்குப் பிப்ரவரியிலேயே தெரியும். நீ சொல்லாம இருக்கிறது அவருக்குத் தெரியும். அவர் தெரியாத மாதிரி இருக்கிறது எனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் எதுவும் தெரியாம வச்சிருந்தோம்.

நீ கேக்காத கேள்விக்கும் பதில் சொல்லிடறேன். நான் ஏன் வர்றதில்ல? லீவு இல்ல, வேலைன்னு எல்லாம் சொல்லுவேன். உன் அண்ணியும் அதையே நம்புறா. எனக்குக் கீழ முப்பது பேர் வேலை பாக்குறாங்க. போன தடவை வந்தப்ப வாடகைக் காரை ஓட்டிக்கிட்டு அவரோட பேங்குக்குப் போனேன், ஞாபகம் இருக்கா? அந்த வண்டியில அவர் பக்கம் பிரேக் கிடையாது. ஆனா அவர் கால் தரைய அழுத்துறத ஓரக்கண்ணால பாத்தேன். வண்டிய ஓரமா நிறுத்திட்டேன். மறுபடி எடுக்க முடியாம ஆட்டோ பிடிச்சேன். முப்பத்தினாலு வயசுல. தலைவலின்னு சொல்லி மறுநாளே கிளம்பிட்டேன்.

பின்சீட் எனக்குப் பிடிச்சதுக்கு ஒரே காரணம், அங்க இருந்த வரைக்கும் அவர் காலு என்னை ஒண்ணும் பண்ணல. அவ்வளவுதான் போல.

திட்டி எழுது. எழுதாம மட்டும் இருக்காத.

அண்ணன்


மே 24

அண்ணா,

திட்டுவதற்கு நேரமில்லை.

பதினெட்டாம் தேதி கோர்ட் மூலையில் பச்சை விளக்கு. நான் பாதி தாண்டிவிட்டேன். இடப்பக்கம் ஒரு பெண் குடையோடு நடைபாதையில்தான் நின்றாள். அப்பா மிதித்தார். பின்னால் வந்த சரக்கு வேன் இடித்துவிட்டது. யாருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. எனக்குக் கழுத்துச் சுளுக்கு, ஒரு வாரம் பட்டை போடச் சொன்னார்கள். பின்பக்கம் நசுங்கி எல் போர்டு இரண்டாக உடைந்தது. வேன்காரர் இறங்கி வந்து, “நடு ரோட்டுல என்னம்மா பிரேக்கு?” என்று கத்தினார். பிறகு போர்டைப் பார்த்தார். “ஓ, பழகுறீங்களா. பாத்து பழகுங்க” என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் திட்டியிருக்கலாம். அந்தப் பரிவுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்பா காரைவிட்டு இறங்கவே இல்லை. “குறுக்க வந்துட்டா” என்றார்.

“யாரும் வரலப்பா. அவ நின்னுக்கிட்டிருந்தா.”

“எனக்கு வந்த மாதிரி இருந்துச்சு.”

மறுநாள் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். இடித்த இடத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பக்கத்து சீட் பிரேக்கைக் கழற்றச் சொன்னேன். அவர் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

“சார் ஒத்துக்கிட்டாரா?”

“வண்டி என் பேர்ல இருக்குண்ணே.”

“பேர்ல இருக்கிறது வேற, ஒத்துக்கிறது வேற. நானே சார்கிட்ட பழகினவன்தான். இன்னைக்கும் சார் தெருவுக்குள்ள வந்தா எனக்கு ரெண்டாவது கியருக்கு மேல போகாது.”

“அப்ப நானே கழட்டுறேன், ஸ்பானரக் குடுங்க.”

கழற்றினார். அரை மணி நேரம் ஆயிற்று. நான்கு போல்ட், ஒரு கம்பி. பழைய துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார். இரண்டு தேங்காய் கனம்.

அன்று மாலை அப்பா உட்கார்ந்ததும் காலை நீட்டினார். காலுக்குத் தரை தட்டியது. குனிந்து பார்க்கவில்லை. நான் இஞ்சினை, இஞ்சின் என்று எதுவும் இல்லை, அந்தப் பொத்தானை அழுத்தவில்லை. கழுத்தில் பட்டை இருந்ததால் அவர் பக்கம் திரும்ப முடியவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். ஜூன் பதினைந்து, ஆவணக் காப்பகம், இரண்டு வருடம், அத்தை, எல்லாம்.

“தெரியும்” என்றார்.

“தெரிஞ்சும் ஏம்ப்பா ஒண்ணும் சொல்லல?”

“நீயும்தான் சொல்லல.” பெல்ட்டை மாட்டிக்கொண்டு, “போகாதேன்னு நான் சொன்னேனா?”

“சொல்லல. மிதிச்சீங்க.”

அண்ணா, இதுவரை நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“பிரேக் மிதிக்கிறது போகக் கூடாதுன்னு இல்ல. நின்னு பாத்துட்டுப் போகணும்னு. முப்பத்தி ரெண்டு வருஷம் அதைத்தான் சொல்லிக் குடுத்தேன்.”

“எவ்வளவு நேரம்ப்பா நின்னு பாக்கணும்?”

“கிளம்பு, இருட்டிடும்” என்றார்.

கிளம்பினேன். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போது அவர் கால் தரையை அழுத்தியது. அங்கே இப்போது ஒன்றும் கிடையாது, வெறும் தரை. ஆனாலும் கார் நின்றது. நான்தான் நிறுத்தியிருக்கிறேன். என் கால் என்னைக் கேட்கவில்லை. நான்கு சுற்றிலும் அவர் அழுத்திய ஒவ்வொரு தடவையும் என் கால் மிதித்தது. வீட்டுக்கு வந்து அந்தப் பிரேக்கைத் துணியோடு எடுத்து மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்காக மெக்கானிக்கோடு சண்டை போட்டிருக்க வேண்டாம்.

நீ வாடகைக் காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் போய்விட்டாய். எனக்கு ஓரம் கிடையாது. இருபத்திரண்டு நாள் இருக்கிறது. நான் பெட்டி எடுத்துவைக்கவில்லை. அலமாரியைத் திறப்பேன், மூடுவேன்.

காரை அனுப்பினாய். எனக்கு வேண்டியது ஆள். அத்தையிடம் ஒரு வார்த்தை, உன்னுடைய ஒரு வாரம். இதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

தங்கை


ஜூன் 3

புழு,

அத்தைகிட்ட பேசிட்டேன். ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். அதுல ஒரு மணி நேரம் நான் எவ்வளவு மோசமான பிள்ளைன்னு, பத்து நிமிஷம் வரேன்னு. பதினாலாம் தேதி வந்துடுவாங்க. டிவிய தூக்கிட்டு வருவாங்களாம், அவங்க சீரியல் அப்பாவோட டிவியில சரியா தெரியாதாம்.

நான் பன்னிரண்டாம் தேதி காலையில வரேன். ஆபீஸ்ல சண்டை போட்டு ஒரு வாரம் லீவு வாங்கியிருக்கேன், இருபதாம் தேதி வேலையில இருக்கணும். ஒரு வாரத்துல எல்லாத்தையும் ஒழுங்குபடுத்திடலாம். ஒரு அட்டவணை போட்டு வச்சிருக்கேன், மருந்து, ஃபிசியோ, அத்தைக்கு உதவி ஆள், எல்லாம். நம்ம ஆபீஸ் மாதிரி போட்டாத்தான் வேலை நடக்கும்.

பெட்டிய எடுத்து வை. அலமாரிய மூடாத.

அண்ணன்


ஜூன் 17

அண்ணா,

பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். எட்டுப் பேரில் நான் எட்டாவதாகப் போனேன்.

உண்மையான தாள் எதையும் தொட விடவில்லை. ஆறு மாதம் வெள்ளைத் தாளைக் கிழித்து ஒட்டிப் பழக வேண்டுமாம். எங்கள் மேற்பார்வையாளர் அம்மா பூதக்கண்ணாடியோடு வந்து பார்க்கிறார். நான் ஒட்டுத் தெரியாத மாதிரி ஒட்டிப் பெருமையாக நீட்டினேன். “ஒட்டு தெரியணும். பழசு எது, நீ போட்டது எதுன்னு அடுத்தவனுக்குத் தெரியாம பண்ணா அது பொய்” என்று பிரித்துப்போட்டார். உன் பிரிவில் இவரை வேலைக்கு வைக்க மாட்டீர்கள்.

கிளம்பியபோது நீ ஸ்டேஷனுக்குக் காரை எடுக்கிறேன் என்றாய். நான் ஆட்டோவில்தான் போவேன் என்றதும் உன் முகம் வாடியது. காரில் வந்திருந்தால் அப்பாவும் வந்து உட்கார்ந்திருப்பார். அப்புறம் நான் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன். நீ பெட்டியை எடுத்துப் போகும்போது அவர் ஹாலில் எழுந்து நின்றார். போயிட்டு வரேம்ப்பா என்றேன். “கண்ணாடி எடுத்துக்கிட்டியா?” என்றார். எந்தக் கண்ணாடி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எடுத்துக்கிட்டேம்ப்பா என்றேன்.

இங்கே விடுதி அறையில் இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டடத்தின் சுவர். ஐந்து மணியானால் எங்கேயாவது போக வேண்டும் போல உடம்பு எழுந்துகொள்கிறது. நேற்றுப் பேருந்தில் முன் இருக்கை கிடைத்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் கால் தரையை அழுத்தியது. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, “நீங்களும் டிரைவரா?” என்றார். இல்லை என்றேன்.

அத்தை வந்தாளா? நீ எழுதவே இல்லையே.

தங்கை


ஜூன் 28

புழு,

அத்தை வந்தாங்க. நாலாவது நாள் போயிட்டாங்க. சண்டை எல்லாம் இல்ல. அவங்க சீரியல் அஞ்சு மணிக்கு, அப்பா அஞ்சு மணிக்கு கார்ல உட்கார்ந்துடுவார், வாசக் கதவு திறந்தே கிடக்கும். “கதவச் சாத்திட்டுப் பாக்க மனசு வரல, தொறந்து வச்சுட்டுப் பாத்தா தெருவே உள்ள வருது”ன்னாங்க. பேரனுக்குப் பரீட்சையாம், முடிஞ்சதும் வரேன்னாங்க. எப்பப் பரீட்சை முடியும்னு கேட்டா, அது அவன் படிக்கிறதப் பொறுத்ததுன்னாங்க. என் அட்டவணைய பத்திரமா மடிச்சு அவங்க பைக்குள்ள வச்சுக்கிட்டுப் போயிட்டாங்க.

உதவிக்கு ரெண்டு ஆள் வந்து பாத்தாங்க. அப்பா ஒருத்தரையும் வேண்டாம்னு சொல்லல. ஒருத்தர்கிட்ட, “வண்டி ஓட்டத் தெரியுமா?”ன்னார். தெரியாதுன்னான். “பழகிக்கலாம்”னு சொல்லி கார்ல ஏத்தினார். அவன் மறுநாள் வரல.

அதனால நான்தான் ஓட்டறேன். நாலு சுற்று. உடைஞ்ச எல் போர்ட செல்லோடேப் போட்டு ஒட்டி மறுபடி மாட்டியிருக்கார். உன் மேற்பார்வையாளர் அம்மா சந்தோஷப்படுவாங்க, ஒட்டு நல்லாவே தெரியுது. அவர் கால அழுத்தினா நான் பிரேக் போடறேன். போடக் கூடாதுன்னு தினமும் நினைச்சுக்கிட்டுத்தான் கிளம்புறேன்.

முந்தாநாள் மைதானத்துக்கிட்ட சிக்னல் போட்டேன். டிக்-டிக். ரெண்டாவது தட்டு லேட்டா விழுது, நான் தேடித் தேடி எடுத்தது. அவர் ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டே இருந்தார். சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன். அவர் கேட்டார், “இந்தச் சத்தத்த நிறுத்த முடியாதா? பழைய வண்டியிலயும் இது ஒரு தொல்லை.” மெனுவுல போய் நிறுத்திட்டேன். மூணு தடவை தொட்டா போதும், நின்னுடும்.

ஆபீஸ்ல இருந்து முதல்ல தினமும் கூப்பிட்டாங்க, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள், இப்ப இல்ல. உன் அண்ணி, “எப்ப வருவீங்க?”ன்னு கேக்கறதில்ல, “சாப்டீங்களா?”ன்னு மட்டும் கேக்கறா. உன்னை வரச் சொல்லி இதை எழுதல. அப்படித் தோணுச்சுன்னா லெட்டரக் கிழிச்சுப் போட்டுடு.

கூரை திறக்கிற மாடலோட வெளியீட்டு விழா நேத்து நடந்துச்சு. நானும் அப்பாவும் ஃபோன்ல பாத்தோம். என் லீவு இருபதாம் தேதி காலையிலேயே முடிஞ்சு போச்சு. இன்னைக்கு இருபத்தெட்டு.

அண்ணன்